தமிழ்ப் பதிப்புகளில் சுருக்கக் குறியீட்டு விளக்கம்

பழந்தமிழ் நூற்பதிப்பு ஒன்றைக் கையிலெடுக்கும் வாசகர் முகவுரையைப் படிப்பர். நூலாசிரியர் வரலாற்றைப் படிப்பர். பின்னர் நேரே நூலுக்குள் புகுந்துவிடுவர். இவற்றுக்கிடையே இரு பத்தியாக அச்சிட்ட ஒரு பக்கம் இருக்கும். இடப்புறம் 'அகநா.', 'ஐங்.', 'கலித்.' எனப் புள்ளியிட்ட குறும்பெயர்கள். வலப்புறம் அவற்றின் முழுப்பெயர்கள். சுருக்கக் குறியீட்டு விளக்கம், குறுக்க விளக்கம், குறியீட்டு அகராதி எனப் பலவாறு பெயர் பெறும் அப்பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. படிப்பதற்கென்று அமைந்த பக்கமும் அன்று அது. வேண்டியபோது புரட்டிப் பார்த்துக்கொள்வதற்கு உரியது. ஆயினும், பெயரும் ஊரும் தெரியாமல் உரைகளுக்குள் கிடந்த மேற்கோள்களுக்கு நம் பதிப்பாசிரியர்கள் இடம் கண்டுபிடித்த வரலாறு அப்பக்கத்தில் அடங்கியிருக்கிறது. அண்மைக்கால மறுபதிப்புகள் பலவற்றில் அப்பக்கம் காணாமற்போய் வருவதால், அதன் வரலாற்றை இம்மலரில் எழுதி வைப்பது தகும் எனக் கருதுகிறேன்.

சொல்லைக் குறைத்து வழங்குதல் தமிழுக்குப் புதிதன்று. தாமரையை 'மரை' என்பது முதற்குறை. ஓந்தியை 'ஓதி' என்பது இடைக்குறை. நீலத்தை 'நீல்' என்பது கடைக்குறை. நன்னூல் பயின்றோர் அனைவரும் இவற்றை அறிவர். ஆனால் இவை செவிக்கு உரியன. குறைந்த வடிவமே செய்யுளில் ஒலிக்கும். ஓசைக்காகவே அது குறைந்தது. 'சிலப்.' என அச்சிட்டிருப்பதை எவரும் 'சிலப்' என்று வாய்விட்டுப் படிப்பதில்லை. கண் குறும்பெயரைக் காண, நா சிலப்பதிகாரம் என்றே சொல்கிறது.

கண்ணுக்கு மட்டுமே உரிய இச்சுருக்கத்திற்கு முன்னோடியை இலக்கண நூலில் தேடுவதைக் காட்டிலும் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் தேடுவதே பொருத்தம். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்கு முறையே ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ என்னும் குறிகள் வழங்கின. இவற்றுள் சில இன்றும் பஞ்சாங்கத்திலும் திருமண அழைப்பிதழிலும் தலைகாட்டுகின்றன. கடிதத் தலைப்பில் 'மகாராஜராஜஸ்ரீ' என்னும் மரியாதைத் தொடர் 'ம-ள-ள-ஸ்ரீ' எனச் சுருங்கியதையும் பழைய அச்சுநூல்களிற் காணலாம். 'ரா' என்னும் எழுத்தின் உருவமே 'ள' எனத் திரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இக்குறிகளுக்கெல்லாம் தனியே ஒரு விளக்கப் பட்டியல் தேவைப்படவில்லை. எழுதியவரும் படித்தவரும் ஒரே வகைத் திண்ணைப் பள்ளியில் பயின்றவர்கள். குறி இருவருக்கும் பொது. பட்டியல் வேண்டுவது, எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரையொருவர் அறியாத நிலையில்தான். அந்நிலையை உண்டாக்கியது அச்சு.

இக்கருத்தை உரையாசிரியர்களைக் கொண்டு தெளியலாம். நச்சினார்க்கினியர் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறி, அதற்குச் சான்றாகச் செய்யுளடி ஒன்றைக் காட்டி, 'என்றார் பிறரும்' என முடித்துச் செல்வார். அந்தப் பிறர் யார், நூல் எது என்று பலவிடத்தும் அவர் சொல்வதில்லை. ஆசிரியரும் மாணாக்கரும் எதிரெதிரே அமர்ந்து பாடம் சொல்லியும் கேட்டும் வந்த சூழலில் அதற்குத் தேவை இருந்திராது. நூற்றாண்டுகள் சில கழிந்தன. பாடம் சொல்லும் மரபு சங்க நூல்களை விட்டு விலகித் தலபுராணங்களிலும் அந்தாதி, கோவை முதலியவற்றிலும் நிலைகொண்டது. 'பிறர்' யாரென்று சொல்லவல்லவர் அருகினர்.

1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கிய உ. வே. சாமிநாதையருக்கு நேர்ந்த பெரும் இடர்களுள் இதுவும் ஒன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர் அவர். அவருக்கே நச்சினார்க்கினியர் காட்டும் அடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்று விளங்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துப் பழஞ்சுவடிகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அவ்வடிகள் பத்துப்பாட்டிலும் தொகை நூல்களிலும் இருப்பது தெரியவந்தது. இதனை அவர் 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதியுள்ளார். ஒரு காப்பியத்தின் உரையிலிருந்த பெயரற்ற மேற்கோள்கள், மறைந்து கிடந்த ஓர் இலக்கிய உலகையே காட்டிக்கொடுத்தன. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன.

ஒவ்வொரு நூல் வெளிவரும்போதும், முன் பதிப்பித்த நூல்களிலிருந்து அடுத்த நூலுக்கு ஒப்புமை காட்டும் வசதி பெருகிற்று. பத்து நூல்களை அறிந்தவரின் அடிக்குறிப்பில் பத்துப் பெயர்கள் வரும். நூறு நூல்களை அறிந்தவரின் அடிக்குறிப்பில் நூறு பெயர்களும் நெருங்கி வரும். அடிக்குறிப்பு சிற்றெழுத்தில் அமைவது; ஒவ்வோர் எழுத்தையும் கையாற் கோத்த காலம் அது. முழுப்பெயர்களை அங்கே இட இயலாது. எனவே புலமையின் பெருக்கம் பெயரின் சுருக்கத்தை வேண்டிற்று. அவருடைய 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பை எடுத்துப் பார்ப்போர் இதன் முதிர்ந்த நிலையைக் காணலாம். ஒவ்வொரு பாட்டின் கீழும் 'மேற்கோளாட்சி' என ஒரு பகுதியும் 'ஒப்புமைப் பகுதி' என ஒரு பகுதியும் உள்ளன. அப்பாட்டை எந்த உரையாசிரியர் எவ்விடத்தில் எடுத்தாண்டார் என்பது முதற்பகுதியிலும், அதன் சொல்லும் கருத்தும் வேறு எந்நூல்களில் பயில்கின்றன என்பது அடுத்த பகுதியிலும் அடங்கும். 'தொல். அகத். 24, ந.' என்ற வடிவில் ஒரு குறிப்பு வருமானால், தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியலின் 24ஆம் நூற்பாவுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் அது மேற்கோளாக வந்துள்ளது என்பது பொருள். தம் மேற்கோள்களின் ஊரைச் சொல்லாது சென்ற உரையாசிரியர், இங்கே ஓரெழுத்தும் ஒரு புள்ளியுமாக நிற்கிறார். அவர் சொல்லாது விட்டதையெல்லாம் தேடிச் சொன்னவரின் அச்சுப் பக்கத்தில் அவருக்கு அவ்வளவே இடம்.

தமிழ் நூற்பெயரை எந்த இடத்தில் வெட்டுவது என்பது எளிய வினாவன்று. முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக் கோக்கும் ஆங்கில முறை நமக்குப் பெரிதும் பொருந்தவில்லை. தி. என்று எழுதினால் எது? திருக்குறள், திருவாசகம், திருமந்திரம், திருவாய்மொழி, திருக்கோவையார், திருமுருகாற்றுப்படை, திருப்புகழ் என யாவும் திருவிலேயே தொடங்குகின்றன. 'திரு.' என்றாலும் தெளிவில்லை. ஆகவே 'திருவாச.', 'திருமந்.', 'திருவாய்.', 'திருக்கோ.' எனத் திருவைத் தாண்டி அடுத்த சொல்லுக்குள் ஓரிரண்டு எழுத்துச் சென்று நிறுத்தினர். திருமுருகாற்றுப்படையைச் சிலர் 'முருகு.' என்றனர், அடைமொழியை விடுத்துச் சொல்லின் உயிர்நிலையைக் கொண்ட அச்சுருக்கமே எனக்கு உவப்பானது. வள்ளுவர் நூலுக்கு மட்டும் இத்தொல்லையே இல்லை. 'குறள்' எனத் திருவை நீக்கிச் சொன்னாலே போதும், புள்ளிகூட வேண்டியதில்லை.

'கலி.' என்று நிறுத்தினால் கலித்தொகையா, கலிங்கத்துப்பரணியா என ஐயம் எழும், எனவே 'கலித்.', 'கலிங்.'. 'பரி.' என்றால் பரிபாடலும் ஆகலாம், பரிமேலழகரும் ஆகலாம். எனவே நூலைப் 'பரிபா.' என்றனர். நற்றிணைக்கு 'நற்.', நன்னூலுக்கு 'நன்.', இரண்டிற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. பழைய அச்சில் மை பரவியிருந்தால் கண் மயங்கும்.

இவற்றினும் சுவையானது ஒன்றுண்டு. மதுரைக்காஞ்சிக்கு 'மதுரைக்.' என்றும், பட்டினப்பாலைக்குப் 'பட்டினப்.' என்றும், குறிஞ்சிப்பாட்டுக்குக் 'குறிஞ்சிப்.' என்றும் சுருக்கம் வழங்குகின்றன. க், ப் என்னும் இவ்வொற்றுகள் முதற்சொல்லுக்கு உரியன அல்ல. வருமொழியின் வரவால் மிக்கவை. வருமொழி வெட்டுண்டு மறைந்த பின்னும் அதனால் வந்த ஒற்று நிலைமொழியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஒற்றின் மேல் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் நிறுத்தற்புள்ளி ஒன்று. மெய்க்குப் புள்ளியே இடாமல் எழுதிச் சென்ற ஓலைச்சுவடி மரபிலிருந்து வந்த நூல்களுக்கு இப்படி இரட்டைப் புள்ளிப் பெயர் வாய்த்தது ஒரு விந்தை. வெட்டியவர்கள் அச்சுக்கூடத்தார் அல்லர், புணர்ச்சி இலக்கணம் நாடிநரம்பில் ஊறிய புலவர்கள் என்பதற்கு இவ்வொற்றே சான்று.

தனிமனிதர் பதிப்பில் வளர்ந்த இம்முறை பெருநிறுவனப் பணியாக விரிந்தது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில். 1913இல் தொடங்கிய அப்பணியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. 1939இல் பின்னிணைப்பும் நிறைவுற்றது. 1926 முதல் பதிப்பாசிரியராக விளங்கியவர் ச. வையாபுரிப் பிள்ளை. இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள். சொற்பொருளுக்கு இயன்றவரை இலக்கியச் சான்று. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், திருவாய்மொழி, ஐந்தாம் பத்து, முதல் திருவாய்மொழி, முதற்பாசுரம் என எழுத வேண்டியதை 'திவ். திருவாய். 5, 1, 1' என முடித்துவிடுகிறது பேரகராதி. இச்சுருக்கம் இல்லையேல் ஆறு தொகுதிகளில் அப்பணி அடங்கியிராது. முதல் தொகுதியின் தொடக்கத்தில் உள்ள குறியீட்டுப் பட்டியல்தான் அதற்குத் திறவுகோல்.

அப்பட்டியலில் ஆங்கில எழுத்துகளும் உள. டபிள்யூ என்னும் ஓரெழுத்து வின்சுலோவைக் குறிக்கும். மைரன் வின்சுலோ அமெரிக்க மறைப்பணியாளர். யாழ்ப்பாணத்து உடுவிலில் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். ஜோசப் நைட் முதலியோர் தொடங்கிவைத்த தொகுப்பை வளர்த்து, 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் – ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்துத் தாயகம் திரும்பும் வழியில், 1864இல் நன்னம்பிக்கை முனையில் காலமானார். அவருடைய நெடுங்காலத்து உழைப்பு பேரகராதியில் ஓரெழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. அவ்வெழுத்து நன்றிக்குறி மட்டுமன்று. இலக்கியச் சான்று எதுவும் காட்டப்படாமல் அவ்வெழுத்து மட்டும் அருகில் நின்றால், இச்சொல்லுக்கு வின்சுலோவே சான்று என்பது கருத்து. சங்கப்பாட்டில் வந்த சொல்லையும், நிகண்டில் மட்டும் உள்ள சொல்லையும், முந்தைய அகராதியொன்றில் மட்டும் கண்ட சொல்லையும் பேரகராதி ஒரே தரத்தில் வைக்கவில்லை. அத்தரவேறுபாட்டை நமக்கு அறிவிப்பவை இக்குறியீடுகளே. அவ்வாறே ஜே என்னும் எழுத்து யாழ்ப்பாண வழக்கைக் குறிக்கும். அவ்வோரெழுத்தைக் கவனியாது சொற்பொருளை மட்டும் பெயர்த்தெழுதினால், யாழ்ப்பாணத்தார் நாவில் வழங்கும் ஒரு சொல் தன் ஊரை இழந்துவிடுகிறது. பேரகராதியைப் பார்த்துத் தொகுத்த சிற்றகராதிகள் சிலவற்றில் இவ்விழப்பை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

குறும்பெயரை அடுத்து வரும் எண்ணும் அதனைப்போன்றே கருதத்தக்கது. 'தொல். சொல். 400' எனக் கண்டவுடன் இடம் விளங்கிவிட்டது என எண்ணிவிடலாகாது. சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாக்களாகக் கொண்டார். சேனாவரையர் 463 ஆகக் கொண்டார். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்ததால் எழுந்த வேறுபாடு இது. ஆகவே யார் உரையைத் தழுவிய எண் என்று சொல்லாத குறியீடு பாதிக் குறியீடே. திருக்குறளிலும் நாம் இன்று வழங்கும் எண் பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் அதிகாரத்துள் குறள்களை வைத்த முறை பலவிடத்தும் வேறு. கல்வெட்டாராய்ச்சியில் ஆண்டறிக்கையின் வரிசை எண்ணும் ஆண்டும் மட்டுமே ஒரு கல்வெட்டின் முகவரி. திருப்பணியின்போது கல் பெயர்க்கப்பட்டோ உடைந்தோ போயிருந்தால், அந்த முகவரியை விட்டால் வேறு வழியில்லை.

உரையாசிரியர் பெயர்ச் சுருக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பின்னான்கு இயல்களுக்கு உரை கண்டவரின் பெயர் பேராசிரியர். அவருக்குச் சுருக்கம் 'பேரா.' அல்லது 'பேர்.'. இன்று கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் 'பேரா.' என்றே போடுகிறோம். 'தொல். செய். பேரா.' என்பதைக் கண்ட இளமுனைவர் பட்ட மாணவி ஒருவர், "எந்தக் கல்லூரிப் பேராசிரியர் அம்மா, பெயரையே காணோமே?" என என்னிடம் கேட்டார். வகுப்பு சிரித்தது; ஆனால் அவ்வினாவில் தவறில்லை. அவர் கையில் இருந்த மலிவுப் பதிப்பில் குறியீட்டு விளக்கமே இல்லை.

இன்றைய நிலையில் கவலைக்குரியது இதுதான். பழைய பதிப்புகளை மறுபடி அச்சிடுவோர் நூலையும் அடிக்குறிப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, முன்பக்கங்களைத் தாள்செலவு கருதி நீக்கிவிடுகின்றனர். முகவுரை போனாலும் நூல் விளங்கும். குறியீட்டு விளக்கம் போனால் அடிக்குறிப்பு முழுவதும் ஊமையாகிவிடுகிறது. 'இ. வி.' என்பது இலக்கண விளக்கம் என்றும், 'பு. வெ.' என்பது புறப்பொருள் வெண்பாமாலை என்றும் தமிழாசிரியர் அறிவர். தாமே தமிழ் கற்க விரும்பும் வங்கி அலுவலரோ, பொறியாளரோ, இல்லத்தரசியோ எங்ஙனம் அறிவர்? நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களுக்கு வருவோரில் பெரும்பாலோர் அத்தகையோரே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி 'பிறர்' யாரெனக் கண்டறிந்து அச்சிட்டவற்றை, ஒரு பக்கத்தை நீக்குவதன் வாயிலாக நாம் மீண்டும் 'என்றார் பிறரும்' என்ற நிலைக்கே தள்ளிவிடுகிறோம்.

ஆய்வேடுகளின் நிலையும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. பட்டியல் இருக்கிறது, ஆனால் முந்தைய ஆய்வேடு ஒன்றிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதியதாக இருக்கிறது. ஆய்வேட்டில் ஓரிடத்தும் வாராத நூல் பட்டியலில் இருக்கும். பக்கந்தோறும் வரும் நூல் பட்டியலில் இராது. வாய்மொழித் தேர்வொன்றில், ஓர் ஆய்வாளர் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர் பதிப்பெண்ணையும் சேனாவரையர் பதிப்பெண்ணையும் கலந்து இட்டிருந்ததைக் கண்டேன். பட்டியலில் 'தொல். – தொல்காப்பியம்' என்று மட்டும் இருந்தது. அவர் காட்டிய நூற்பாக்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்க்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவற்றுள் அவர் வாதத்திற்கு அடிப்படையான நூற்பா, காட்டிய எண்ணில் இல்லை. கருத்து சரியானதே. ஆயினும் அதனை நாடிச் செல்லும் அடுத்த ஆய்வாளர் வேறொரு நூற்பாவின் வாயிலில் போய் நிற்பார். குறும்பெயர், முழுப்பெயர், உரையாசிரியர், பதிப்பு, ஆண்டு என ஐந்தும் ஒரே வரியில் அமைந்த பட்டியலைத்தான் நான் என் மாணவியரிடம் கேட்கிறேன். முதல் இயலை எழுதத் தொடங்கும் நாளிலேயே பட்டியலையும் தொடங்கிவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. இறுதி வாரத்தில் எழுதும் பட்டியல் நினைவிலிருந்து எழுதுவது, அதில் பிழை தங்கும்.

இப்பணியில் கணினி பெரிதும் உதவக்கூடும். டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் அமைத்த லேடெக்கும் கணித நூல்களுக்கெனப் பெரிதும் வழங்குவன. எங்கள் கல்லூரிக் கணிதத் துறையினர் அதனை எனக்குக் காட்டினர். குறும்பெயரையும் முழுப்பெயரையும் ஒருமுறை கொடுத்துவிட்டால், நூலில் அது முதலில் வருமிடத்தில் முழுப்பெயரையும் பின்னர் வருமிடங்களில் குறும்பெயரையும் தானே இடும் துணைநிரல்கள் அதில் உள்ளன. எடுத்தாண்டவற்றை மட்டுமே பட்டியலில் சேர்க்கவும் செய்யலாம். ஆய்வேட்டில் இல்லாத நூல் பட்டியலில் நிற்கும் குறை இதனால் நீங்கும்.

ஆனால் வரிசையில் விழிப்பு வேண்டும். நம் நெடுங்கணக்கில் மெல்லின னகரம் இறுதியில் நிற்பது. றகரம் அதற்கு முன்னது. கணினியின் ஒருங்குறி எண்வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எண்வரிசையைக் கொண்டே அடுக்கும் நிரலில் நன்னூலின் 'நன்.' முன்னும் நற்றிணையின் 'நற்.' பின்னும் வரும். தமிழ் அகர வரிசையில் நற்றிணையே முன்வர வேண்டும். தமிழ் வரிசை அறிந்த நிரல்களும் இப்போது உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். என் மாணவியர் பட்டியலைக் கணினியில் எடுத்த பின்னும், நற்., நன். என்னும் இரண்டையும் கண்டு முறை சரிதானா எனப் பார்த்த பிறகே கட்டமைப்புக்கு அனுப்புகின்றனர்.